குகேஷுக்காகவே போட்டி வைத்தார்களா? உலக செஸ் பட்டமும் ஓயாத தகுதிச் சண்டையும்

கேள்வி இது: "2023 டிசம்பரில் சென்னையில் அவசரமாக ஒரு போட்டி நடத்தித்தான் குகேஷைக் கேண்டிடேட்ஸுக்குள் நுழைத்தார்கள் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் அவர் உலக சாம்பியன் ஆனது நியாயமா? கார்ல்சன் ஆடாத பட்டத்துக்கு என்ன மதிப்பு?"

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அந்தப் போட்டி அவசரமாகத்தான் நடந்தது. நம் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு கிடைக்கட்டும் என்ற நினைப்பு அதன் பின்னால் இருந்ததை யாரும் பெரிதாக மறைக்கவும் இல்லை. விதிமீறல் இருந்ததா? இல்லை. நியாயமா? கொஞ்சம் பொறுங்கள். அதைச் சொல்ல வேறு சில கதைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். உலக சாம்பியனோடு மோதப் போவது யார் என்று தீர்மானிப்பது கேண்டிடேட்ஸ் போட்டி. அதில் எட்டு நாற்காலிகள். 2024 டொராண்டோ கேண்டிடேட்ஸில் ஒரு நாற்காலி, முந்தைய பட்டப் போட்டியில் தோற்ற நெபோம்னியாச்சிக்கு. பாகூவில் நடந்த உலகக் கோப்பையிலிருந்து மூன்று. கோப்பையை வென்ற முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சன் கேண்டிடேட்ஸ் வேண்டாம் என்றதால் பிரக்ஞானந்தா, கருவானா ஆகியோரோடு நான்காம் இடத்து அபாசோவும் உள்ளே வந்தார். கிராண்ட் ஸ்விஸ் என்ற பெரிய தகுதிப் போட்டியிலிருந்து விதித் குஜராத்தி, நகமுரா. மீதி இரண்டில் ஒன்று ரேட்டிங்குக்கு, அதாவது ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்ணுக்கு; இன்னொன்று, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே நடத்தும் 'ஃபிடே சர்க்யூட்' என்ற புள்ளிப் பட்டியலுக்கு. சண்டை முழுக்க இந்தக் கடைசி இரண்டில்தான்.

சர்க்யூட் என்பது வருடம் முழுக்க ஆடும் போட்டிகளிலிருந்து புள்ளி சேர்க்கும் ஏற்பாடு. எவ்வளவு பலமான போட்டியோ அவ்வளவு புள்ளி. அந்த வருடம் முதலிடம் கருவானாவுக்கு. அவருக்கு ஏற்கெனவே உலகக் கோப்பை வழியாக இடம் இருந்ததால் நாற்காலி இரண்டாம் இடத்துக்காரருக்கு நகர்ந்தது. டிசம்பர் பிறந்தபோது அந்த இடத்துக்கான ஓட்டத்தில் நெதர்லாந்தின் அனிஷ் கிரி முன்னால் இருந்தார். குகேஷ் லண்டனுக்குப் போய் ஆடிப் பார்த்தார். அங்கே முதலிடம் ஐம்பதைத் தாண்டிய மைக்கேல் ஆடம்ஸுக்குப் போய்விட்டது. அந்த நிலையில்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் சில நாள் அவகாசத்தில் அறிவித்து, டிசம்பர் 15 முதல் 21 வரை சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் போட்டியை நடத்தியது. எட்டு ஆட்டக்காரர்கள், ஏழு ரவுண்டு. அரோனியன், மக்சூத்லு, ஹரிகிருஷ்ணா எல்லாம் வந்தார்கள். ஒப்புக்குக் கூப்பிட்ட கூட்டம் அல்ல. குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் ஆளுக்கு 4.5 புள்ளி. சமநிலையை உடைக்கும் டை-பிரேக்கில் கோப்பை குகேஷுக்கு. சர்க்யூட் கணக்கில் கிரியைத் தாண்டினார். கிரிக்கு மாத இறுதியில் சமர்கண்டில் நடந்த உலக ரேபிட், பிளிட்ஸ் என்ற வேக ஆட்டப் போட்டிகள் மிச்சம் இருந்தன. அங்கே வேண்டிய இடம் கிடைக்கவில்லை. இவ்வளவுதான் கதை.

இதை 'இந்தியர்கள் செய்த தந்திரம்' என்று சொல்பவர்களிடம், அதே டிசம்பரில் பிரான்ஸில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். ரேட்டிங் நாற்காலி அப்போது வெஸ்லி சோவின் கையில் இருந்தது. அலிரேசா ஃபிரூஸ்ஜா சில புள்ளிகள்தான் பின்னால். அவருக்காகவே சார்த்ர் நகரில், ரேட்டிங்கில் அவரைவிட ரொம்பக் கீழே இருந்த மூத்த கிராண்ட் மாஸ்டர்களோடு குட்டிக் குட்டி மேட்ச்களை ஏற்பாடு செய்தார்கள். அதில் ஒரு டிரா விழுந்து கணக்கு கெட்டது. ஃபிடேவும் இந்த ஆட்டங்களை ரேட்டிங்குக்கு எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றது. உடனே மனிதர் ரூவான் நகரில் நடந்த ஒரு ஓப்பன் போட்டியில் போய்ச் சேர்ந்து, ஏழுக்கு ஏழு எடுத்து, சோவைத் தாண்டிவிட்டார். நாற்காலி அவருக்கு.

ரேட்டிங் நாற்காலி எப்படிப்பட்ட விஷயம் என்று புரிய ஒரு சின்னக் கணக்கு. இந்த மட்டத்தில் ஒருவர் ஒரு ஆட்டத்தில் அதிகபட்சம் 10 புள்ளி வரை ஏறவோ இறங்கவோ முடியும். எதிராளி எவ்வளவு பலவீனமோ, ஜெயித்தால் கிடைப்பது அவ்வளவு குறைவு. ஆனால் இருவருக்கும் நடுவே 400 புள்ளிக்கு மேல் இடைவெளி இருந்தால் அதை 400 என்றே கணக்கில் எடுப்பது நெடுங்கால வழக்கம். அதாவது 2800 ரேட்டிங் உள்ளவர், நம்ம ஊர் ஓப்பனில் ஆடும் 2000 ரேட்டிங்காரரை ஜெயித்தாலும் 0.8 புள்ளி ஏறும். பத்து ஆட்டம், எட்டுப் புள்ளி. தோற்கும் வாய்ப்போ கிட்டத்தட்ட இல்லை. இந்த ஓட்டையில் 2025-இல் நகமுரா தேர் ஓட்டினார். 2026 கேண்டிடேட்ஸுக்கான ரேட்டிங் இடத்துக்குக் குறைந்தது 40 கிளாசிக்கல், அதாவது நீண்ட நேர, ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்று விதி. அவர் லூசியானா மாநிலப் போட்டி, அயோவா ஓப்பன் என்று கிளம்பிவிட்டார். உலகின் இரண்டாம் நிலை ஆட்டக்காரர், உள்ளூர் அமெச்சூர்களோடு உட்கார்ந்து ஆடி எண்ணிக்கையை நிரப்பினார். அதை ஒளித்தும் செய்யவில்லை. எதற்காக ஆடுகிறேன் என்று தன் வீடியோக்களில் தானே சொன்னார். அந்தப் பருவத்தின் நடுவிலேயே ஃபிடே முழித்துக்கொண்டு, 2650-க்கு மேல் உள்ளவர்களுக்கு 400 வரம்பு இனி இல்லை, உண்மையான இடைவெளிதான் கணக்கு என்று அக்டோபரில் மாற்றியது.

குகேஷுக்கு முன் உலக சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரனையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். 2022-இல் உக்ரைன் போரை ஆதரித்துப் பேசியதற்காக ரஷ்யாவின் கர்யாகினுக்கு ஆறு மாதத் தடை. அவருடைய கேண்டிடேட்ஸ் இடம் ரேட்டிங்கில் அடுத்தவருக்குப் போக வேண்டும். அடுத்தவர் டிங். ஆனால் கொரோனா காலத்தில் அவர் சீனாவை விட்டு வெளியே வர முடியாததால், தேவையான ஆட்ட எண்ணிக்கை இல்லை. சீன செஸ் சங்கம் ஒரே மாதத்தில் அவருக்காகப் போட்டிகள் ஏற்பாடு செய்து இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஆட வைத்தது. கேண்டிடேட்ஸ் நடந்த மாட்ரிட்டுக்குப் போனார். கடைசி ரவுண்டில் நகமுராவை ஜெயித்து இரண்டாம் இடம் பிடித்தார். அந்த ஆட்டம் டிரா ஆகியிருந்தால் இரண்டாம் இடம் நகமுராவுக்கு. அன்று அந்த இடத்துக்கு என்ன விலை என்று அவர்கள் இருவருக்குமே முழுசாகத் தெரியாது. அதே மாதம் கார்ல்சன் இனிப் பட்டத்துக்கு ஆட மாட்டேன் என்று அறிவித்ததால், இரண்டாம் இடம் வந்த டிங், முதலிடம் வந்த நெபோம்னியாச்சியோடு அஸ்தானாவில் பட்டத்துக்கே ஆடினார். இன்னொரு வேடிக்கை: நகமுரா அந்த மாட்ரிட்டுக்கு வந்ததே, வருடக்கணக்கில் கிளாசிக்கல் ஆடாமல் இருந்தவரை ஃபிடே தலைவர் தன் சிறப்பு ஒதுக்கீட்டில், கேண்டிடேட்ஸுக்குத் தகுதி தரும் கிராண்ட் பிரீ தொடரில் சேர்த்ததால்தான். ஆக, குகேஷைக் குறை சொன்னால் அவர் யாரிடமிருந்து பட்டத்தை வாங்கினாரோ அவரையும் சொல்ல வேண்டும். மாட்ரிட்டில் அவரிடம் தோற்ற நகமுராவின் இடத்தையும் நோண்ட வேண்டும்.

எல்லோரும் செய்கிறார்கள், அதனால் சரி என்று முடித்துவிடலாம். எனக்கு அந்த வாதம் பிடிக்காது. எல்லோரும் சிக்னலைத் தாண்டுகிறார்கள் என்றால் சிக்னலில் ஏதோ கோளாறு என்றுதான் அர்த்தம். தாண்டியது சரி என்று ஆகாது.

இருபது வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளின் செஸ் போட்டிகளில் ஆர்பிட்டராக, அதாவது நடுவராக, இருந்திருக்கிறேன். நியாயம் என்ற சொல்லை ஒரு கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பரிசளிப்புக்கு முன்னால் கேட்பதுபோல வேறெங்கும் கேட்க முடியாது. ஒருமுறை எட்டு ரவுண்டு போட்டி. முதல் பரிசு சைக்கிள். மூன்று பிள்ளைகள் ஏழு புள்ளியில் நின்றார்கள். புக்ஹோல்ஸ் போட்டோம், அதாவது ஒவ்வொரு பிள்ளையும் ஆடிய எதிராளிகள் மொத்தமாக எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று கூட்டிப் பார்ப்பது. மூன்றாவதாக வந்த பையனின் அப்பா மேசைக்கு வந்தார். "சார், முதல் ரவுண்டுல எம்பையன் ஜெயிச்ச பையனுக்குக் காய்ச்சல் வந்து வீட்டுக்குப் போயிட்டான். அவன் புள்ளி எடுக்கலைன்னா அதுக்கு எம்பையன் என்ன பண்ணுவான்?" பதில் என்னிடம் இல்லை. விதி அதுதான் என்றேன். "அந்த விதிய எங்ககிட்ட எப்ப சொன்னீங்க?" என்றார். அதற்கும் பதில் இல்லை. நோட்டீசில் 'டை-பிரேக் உண்டு' என்று மட்டும்தான் போட்டிருந்தோம்.

உலகப் பட்டத்திலும் இதே சங்கதிதான், சைக்கிளுக்குப் பதில் லட்சக்கணக்கான டாலர். 2013 லண்டன் கேண்டிடேட்ஸில் கார்ல்சனும் கிராம்னிக்கும் ஆளுக்கு 8.5 புள்ளி. கடைசி ரவுண்டில் இரண்டு பேருமே தோற்றார்கள். நேருக்கு நேர் ஆடிய இரண்டும் டிரா. அடுத்த டை-பிரேக், யார் அதிக ஆட்டம் ஜெயித்தது என்பது. கார்ல்சன் ஐந்து, கிராம்னிக் நான்கு. ஆனால் ஒரே புள்ளியில் நிற்கும் இருவரில் அதிகம் ஜெயித்தவர்தான் அதிகம் தோற்றவரும்கூட. கார்ல்சன் இரண்டு தோல்வி, கிராம்னிக் ஒன்று. குறைவாகத் தோற்றவருக்கு என்று எழுதியிருந்தால் அந்த நவம்பரில் சென்னைக்கு ஆனந்தோடு ஆட வந்திருப்பது கிராம்னிக். ஆனால் இந்த விதி போட்டிக்கு முன்பே எல்லோர் கையிலும் இருந்தது. கிராம்னிக் வருத்தப்பட்டிருக்கலாம், ஏமாற்றினார்கள் என்று சொல்ல முடியாது. (இப்போது முதலிடத்தில் சமநிலை வந்தால் ரேபிட் ஆடித் தீர்க்கிறார்கள். நல்லது.)

இதைவிட வினோதம் 1983-இல் ஆஸ்திரியாவின் வெல்டனில் நடந்தது. கேண்டிடேட்ஸ் காலிறுதி, முன்னாள் உலக சாம்பியன் ஸ்மிஸ்லோவ், மேற்கு ஜெர்மனியின் ஹியூப்னர். ஸ்மிஸ்லோவுக்கு வயது 62. பத்து ஆட்டத்தில் சமம். கூடுதலாக நான்கு ஆடினார்கள். அப்போதும் சமம், 7-7. அதற்கு மேல் குலுக்கல் என்று விதி. ஊரில் சூதாட்டக் கூடம் இருந்ததால் ரூலெட் சக்கரத்தைச் சுற்றினார்கள். ஆளுக்கு ஒரு நிறம். முதல் தடவை குண்டு பூஜ்யத்தில் போய் விழுந்தது. பூஜ்யம் சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை. மறுபடி சுற்றினார்கள். ஸ்மிஸ்லோவின் நிறம் வந்தது. ஹியூப்னர் அதைப் பார்க்க அங்கே இல்லை, முன்பே கிளம்பிப் போய்விட்டார். ஸ்மிஸ்லோவ் அடுத்து ரிப்ளியையும் ஜெயித்து இறுதிச் சுற்றில் காஸ்பரோவிடம் போய்த் தோற்றார். விதி முட்டாள்தனமானது. ஆனாலும் நான் இதை அநியாயப் பட்டியலில் வைக்க மாட்டேன். சக்கரத்துக்கு யாருடைய பெயரும் தெரியாது.

எனக்கு இதுதான் அளவுகோல். விதியை எப்போது எழுதினார்கள்? அதில் யாருடைய பெயராவது ஒளிந்திருக்கிறதா? செஸ் வரலாற்றில் உண்மையாகவே வயிறு எரிய வைக்கும் கதைகளை எடுத்துப் பார்த்தால், எல்லாம் பெயர் எழுதிய விதிகள்.

நமக்கு நெருக்கமானது லொசான். 1997 டிசம்பரில் நெதர்லாந்தின் குரோனிங்கனில் ஃபிடே முதல்முறையாக நாக்-அவுட் முறையில் உலகப் பட்டத்தை நடத்தியது. நூறு பேருக்குப் பக்கம் ஆட்டக்காரர்கள். ஆனந்த் நிகோலிச், காலிஃப்மன், அல்மாசி, ஷிரோவ், கெல்ஃபண்ட் என்று ஒவ்வொருவராக வீழ்த்தி, கடைசியில் ஆடம்ஸை டை-பிரேக்கில் முடித்தபோது தேதி டிசம்பர் 30. பரிசு என்ன தெரியுமா? மூன்றே நாளில், ஜனவரி 2 அன்று, சுவிட்சர்லாந்தின் லொசானில் ஃபிடேயின் அப்போதைய சாம்பியன் கார்போவோடு பட்டப் போட்டி. கார்போவ் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை, நேராக இறுதிக்கு. வீட்டில் ஓய்வெடுத்துத் தயாராகிக்கொண்டிருந்தார். இந்தச் சலுகையைக் கண்டித்து கிராம்னிக் போட்டிக்கே வரவில்லை. ஆனந்த் விமானம் ஏறிப் போய், ஆறு ஆட்டத்தில் கடைசி ஆட்டத்தை ஜெயித்து 3-3 என்று சமன் செய்தார். ரேபிட்டில் இரண்டும் போயிற்று. ஓட்டப் பந்தயம் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவனைப் பிடித்து, மாலை போட்டுவிட்டு, பக்கத்துத் தெருவில் குஸ்திக்கு இறக்கிவிட்ட மாதிரி. அந்த விதியில் 'சாம்பியன்' என்று பொதுவாக எழுதியிருக்கலாம். படித்த எல்லோருக்கும் கார்போவ் என்றுதான் கேட்டது. அடுத்த நாக்-அவுட்டில், 1999 லாஸ் வேகாஸில், அந்தச் சலுகையை எடுத்தார்கள். உடனே கார்போவ் ஆட மறுத்துவிட்டார்.

ஆனந்துக்காவது பின்னால் எல்லாம் வந்து சேர்ந்தது. ஷிரோவின் கதையில் அதுவும் இல்லை. 1993-இல் அப்போதைய உலக சாம்பியன் காஸ்பரோவ் ஃபிடேவை விட்டுப் பிரிந்து பட்டத்தைத் தன் கையோடு எடுத்துப் போய்விட்டார். அப்புறம் அந்தப் பட்டத்துக்குச் சவால் விடுபவரை யார் தேர்ந்தெடுப்பது? அவரும் அவருக்குப் பணம் கொண்டுவருபவர்களும்தான். 1998-இல் ஆனந்தைக் கேட்டார்கள். அவர் ஃபிடேவுக்கு ஒப்புக்கொண்டிருந்ததால் மறுத்தார். அந்த இடத்துக்கு ஷிரோவ் வந்தார். ஸ்பெயினில் கஸோர்லா என்ற மலையூரில் கிராம்னிக்கும் ஷிரோவும் பத்து ஆட்ட மேட்ச். ஜெயிப்பவர் காஸ்பரோவோடு பட்டத்துக்கு ஆடுவார். எல்லோரும் கிராம்னிக் என்றே நினைத்தார்கள். ஷிரோவ் 5.5-3.5 என்று ஜெயித்துவிட்டார்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. ஸ்பெயினில் நடத்த நினைத்த பட்டப் போட்டிக்குப் பணம் வரவில்லை. வேறு இடம் தேடியதில் வந்த தொகை போதவில்லை என்றார்கள். கிளாசிக்கல் ஆட்டத்தில் ஷிரோவ் காஸ்பரோவை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை, அதனால் யாரும் காசு போட மாட்டார்கள் என்ற பேச்சும் ஓடியது. இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கு கஸோர்லாவுக்கு முன்பே எல்லோருக்கும் தெரியுமே? 2000-இல் லண்டனில் பணம் கிடைத்தது. காஸ்பரோவ் எதிரே உட்கார்ந்தது யார்? கிராம்னிக். தகுதிப் போட்டியில் தோற்றவர்! கிராம்னிக் ஒரு ஆட்டமும் தோற்காமல் 8.5-6.5 என்று பட்டத்தை எடுத்தார். கோட்டை மாதிரி நின்ற பெர்லின் தடுப்பு ஆட்டம் அங்கேதான் பிரபலமானது. கஸோர்லாவில் தோற்ற கிராம்னிக்குக் கூலி வந்தது. ஜெயித்த ஷிரோவுக்கு, அவருடைய பங்கு பட்டப் போட்டியிலிருந்து வர வேண்டியது என்பதால், கையில் எதுவும் வரவில்லை. அதே 2000-இன் கடைசியில் டெஹ்ரானில் ஃபிடேயின் இறுதியில் ஆனந்திடம் 3.5-0.5 என்று தோற்றார். அவ்வளவுதான், பட்டத்துக்குப் பக்கத்தில் அவர் பிறகு வரவில்லை.

கிராம்னிக் 2000-இல் காட்டிய ஆட்டத்தை யாரும் குறை சொல்ல முடியாது. காஸ்பரோவை அந்த மாதிரி அடக்கியவர் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அதனால் ஷிரோவுக்கு நடந்தது சரியாகிவிடுமா? இதைக் குகேஷுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். நம் ஆட்களில் நிறையப் பேர், "டொராண்டோவில் ஜெயித்துக் காட்டினானே, அப்புறம் என்ன?" என்கிறார்கள். அவர் டொராண்டோவில் 9 புள்ளி எடுத்து முதலிடம் வந்ததும், சிங்கப்பூரில் 7.5-6.5 என்று டிங்கை ஜெயித்ததும், 18 வயதில் பட்டம் எடுத்ததும் அவருடைய ஆட்டத்துக்குச் சாட்சி. சென்னைப் போட்டி நியாயமா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது. அங்கே அவர் தோற்றிருந்தாலும் அந்தக் கேள்வி அதே கேள்விதான்.

காஸ்பரோவின் கதைக்கு ஒரு வால் உண்டு. தோற்ற பிறகு மறு மேட்ச் கேட்டார். தகுதிப் போட்டி ஆடி வாருங்கள் என்றார் கிராம்னிக். எதிராளியைத் தானே தேர்ந்தெடுத்துப் பழகியவருக்கு அது உவப்பாக இல்லை. 2002 டார்ட்மண்ட் தகுதிப் போட்டிக்கு அவர் போகவில்லை. 1927-க்குப் பிறகு கபாப்ளான்காவுக்கு நடந்ததும் இதேதான். சவால் விடுபவர் 10,000 டாலர் கொண்டுவர வேண்டும் என்று 1922-இல் விதி எழுதியவர் அவர். புவெனஸ் ஐரிஸில் 34 ஆட்டம் ஆடி அவரைத் தோற்கடித்த அலெகைன், அதே விதியைக் காட்டிக் காட்டியே கடைசிவரை மறு மேட்ச் கொடுக்கவில்லை.

பட்டம் ஃபிடேவின் கையில் வந்த பிறகும் பெயர் எழுதும் பழக்கம் போகவில்லை. 2006 எலிஸ்டா பட்டப் போட்டியில் கிராம்னிக் கழிப்பறைக்கு அடிக்கடி போகிறார் என்று எதிராளி டொபலோவ் தரப்பு புகார் கொடுத்து, கழிப்பறையைப் பூட்டி, ஐந்தாவது ஆட்டத்துக்கு அவர் வராததால் புள்ளி பறித்த அசிங்கம் தெரிந்ததே. கிராம்னிக் அப்படியும் ரேபிட்டில் ஜெயித்தார். அதற்குப் பிறகு நடந்ததை நிறையப் பேர் மறந்துவிட்டார்கள். 2007 உலகக் கோப்பையை வெல்பவர் சாம்பியனோடு ஆடுவார் என்று இருந்த ஏற்பாட்டில், டொபலோவுக்காக நடுவே ஒரு மேட்ச்சைச் சொருகினார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் ஆடிய நாக்-அவுட்டை ஜெயித்து வந்த காம்ஸ்கி, ஒரு ஆட்டமும் ஆடாமல் காத்திருந்த டொபலோவோடு, டொபலோவின் நாடான பல்கேரியாவின் சோபியாவில் போய் ஆட வேண்டியிருந்தது. தோற்றார். இந்த மாதிரி விதிகள் சுற்றின் நடுவிலேயே மாறுவதாகச் சொல்லித்தான் கார்ல்சன் 2010-இல் அந்தச் சுற்றையே விட்டு விலகினார்.

சலுகை எல்லாமே அநியாயமா? பிஷர் 1970-இல், கேண்டிடேட்ஸுக்கு முந்தைய தகுதிச் சுற்றான பால்மா இன்டர்சோனலுக்குத் தகுதி பெறவில்லை. அதற்கு வழியான அமெரிக்க சாம்பியன்ஷிப்பையே ஆடவில்லை. பால் பென்கோ தன் இடத்தை விட்டுக்கொடுத்தார், ஃபிடே ஒத்துக்கொண்டது. பிஷர் அங்கே 3.5 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். பிறகு டைமானோவ் 6-0, லார்சன் 6-0. இதுவும் பெயர் எழுதிய சலுகைதான். ஆனால் அதற்கு விலை கொடுத்தது யாரோ, அவரே கொடுக்கிறேன் என்று வந்தார். அந்த ஒரு வித்தியாசம் எனக்குப் போதும். காம்ஸ்கியை யாரும் கேட்கவில்லை. ஷிரோவையும் கேட்கவில்லை.

அதே பிஷர் 1975-இல் கேட்டதும் சொல்ல வேண்டும். பத்து வெற்றி எடுப்பவர் சாம்பியன், டிராவுக்குக் கணக்கில்லை, 9-9 என்று வந்தால் பட்டம் தன்னிடமே இருக்கும் என்றார். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் 9-9 வந்தாலே கதை முடிந்தது என்றால், கார்போவ் ஜெயிக்க 10-8 வேண்டும். பிஷருக்கு 10-9-க்கு அவசியமே இல்லை, 9-9 போதும். இரண்டு ஆட்டம் முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு உட்காருவது. ஃபிடே பத்து வெற்றியை ஏற்றது, 9-9-ஐ மறுத்தது. பிஷர் வரவில்லை. ஏப்ரல் 3 அன்று ஒரு சிப்பாயையும் நகர்த்தாமல் கார்போவ் உலக சாம்பியன்.

கார்ல்சனைப் பற்றிய மூன்றாவது கேள்விக்கு இதிலேயே பாதி பதில் இருக்கிறது. கார்போவை 1975-இல் பரிகசித்தவர்கள், அவர் அடுத்த பத்து வருடம் போட்டி போட்டியாக ஆடி ஜெயித்த பிறகு வாயை மூடிக்கொண்டார்கள். கார்ல்சனை யாரும் வெளியே தள்ளவில்லை; அவருக்கு அலுத்துவிட்டது, போய்விட்டார். இன்றும் உலகில் பலமான ஆட்டக்காரர் அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பலமானவர் யார் என்பது ஒரு கேள்வி, பட்டத்துக்கு உரியவர் யார் என்பது இன்னொன்று. வேட்பு மனுவே போடாதவர் வந்திருந்தால் ஜெயித்திருப்பார் என்று யாராலும் சொல்லிக்கொண்டிருக்க முடியும். சிங்கப்பூரின் 14-வது ஆட்டத்தில் டிங் யானையை எஃப்2-க்கு நகர்த்திப் பட்டத்தைக் கைவிட்டதை வைத்து, அவர் வேண்டுமென்றே தோற்றார் என்று ரஷ்ய செஸ் சங்கத் தலைவர் விசாரணை கேட்டாரே, அதை ஒரு வாதமாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மணிக்கணக்கில் தற்காத்து ஆடிக் களைத்தவரின் கை அது. எங்கள் மண்டபத்தில் எட்டாவது ரவுண்டில் தினமும் பார்க்கிறோம்.

சரி, சென்னை 2023-க்கு என் மதிப்பெண். சர்க்யூட் விதி வருடத் தொடக்கத்திலேயே இருந்தது, அதில் யாருடைய பெயரும் இல்லை. போட்டி உண்மையான போட்டி. குகேஷுக்கு யாரும் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை, அர்ஜுன் கடைசிவரை ஈடு கொடுத்தார். இதுவரை சரி. சரியில்லாதது, நாட்காட்டி கடைசி வாரம் வரை திறந்து கிடந்தது. அப்படிக் கிடந்தால், யாருக்கு ஒரு மாநில அரசோ பணக்கார ஆதரவாளரோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறாரோ அவருக்கு இன்னொரு கதவு முளைக்கும். சென்னைக்கு இதில் பழைய அனுபவமும் உண்டு; 2013 பட்டப் போட்டியை மற்ற நகரங்களிடம் ஏலம் கேட்காமலே ஃபிடே சென்னைக்குக் கொடுத்தபோது கார்ல்சனின் நாட்டவரான நார்வேக்காரர்கள் ஆட்சேபித்தார்கள், அதில் நியாயமும் இருந்தது. (கார்ல்சன் வந்து 6.5-3.5 என்று ஜெயித்துவிட்டுப் போனார், அது வேறு.) கிரியின் இடத்தில் ஒரு தமிழ்ப் பையனும், சென்னையின் இடத்தில் ஆம்ஸ்டர்டாமும் இருந்திருந்தால் நாம் என்ன பேசியிருப்போம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

குகேஷ் மேல் இதில் துளி தப்பும் இல்லை. கூப்பிட்டார்கள், போய் ஆடினார், ஜெயித்தார். தப்பு விதி எழுதியவர்களிடம். சர்க்யூட்டில் கணக்கில் வரும் போட்டிகளின் பட்டியலைச் செப்டம்பரிலேயே மூடிவிடலாம். அதற்குப் பிறகு அறிவிக்கும் போட்டி எவ்வளவு பலமானதாக இருந்தாலும் அடுத்த வருடக் கணக்கு. ரேட்டிங் நாற்காலியைத் தூக்கிவிட்டு அதைக் கிராண்ட் ஸ்விஸ்ஸுக்குக் கொடுக்கலாம். சும்மா உட்கார்ந்து ரேட்டிங்கைக் காப்பாற்றுவதும், அயோவாவுக்குப் போய் எண்ணிக்கை நிரப்புவதும் அப்போது தானாக நிற்கும்.

நாங்களும் திருந்தினோம். அடுத்த வருடம் டை-பிரேக் வரிசையை நுழைவுப் படிவத்திலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்து, பெற்றோரிடம் கையெழுத்தும் வாங்கினோம். அதே அப்பா வந்தார், படிவத்தை இரண்டு தடவை படித்துக் கையெழுத்துப் போட்டார். அந்த முறை அவர் சண்டை போட்டது, நான்காவது ரவுண்டுக்கு முன்னால் சாப்பாட்டு இடைவேளை இருபது நிமிஷம்தான் விட்டோம் என்பதற்காக.